எட்டாவது அறையின் குறிப்பு

பன்னிரண்டு அறை, பன்னிரண்டு நோயாளி. எல்லாரும் சம்பளத்துக்கு நடிப்பவர்கள். உள்ளே பதினைந்து நிமிடம் விசாரிக்க வேண்டும். வெளியே வந்து பத்து நிமிடத்தில் கணினியில் குறிப்பு அடிக்க வேண்டும். நேரம் முடிந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். கர்த்தூமில் ஒரே காலையில் எண்பது பேரைப் பார்த்தவன் நான். ஃபிலடெல்ஃபியாவில் இந்தப் பரீட்சையில் தேறினால்தான் டாக்டராம்.

எனக்கு இது இரண்டாவது முறை. இதிலும் கோட்டைவிட்டால் எந்த மருத்துவமனையும் கூப்பிடாது. வேலை இல்லாவிட்டால் கர்த்தூமை ஒட்டிய பஹ்ரியில் இருக்கும் மனைவி இஹ்ஸானையும் மகள் ருவாவையும் இங்கே கூட்டிவர முடியாது. நான் விமானம் ஏறி நான்கு மாதம் கழித்துப் பிறந்தவள் ருவா. இப்போது மூன்று வயது. அவளை நான் தொட்டதில்லை.

அறைத்தோழன் முதஸிம் போன வருடமே தேறிவிட்டான். மூன்று மாதமாகச் சமையலறையில் கடிகாரத்தோடு என் தலைமேல் நின்றான்.

"யா ஸோல், ஏம்பா, நோட்ஸ் எழுதுறியா, மாமனாருக்கு லெட்டர் எழுதுறியா? அடிடா! நெஞ்சு, நுரையீரல், வயிறு, எல்லாம் கை தானா அடிக்கணும். மூளையைக் கேக்காத, அது லேட்டாத்தான் வரும்."

கை பழகிவிட்டது. மனசுதான் மரத்துப்போனது. ஏழு அறைகளில் ஏழு பேரிடம் "உங்க கஷ்டம் புரியுது" என்றேன். எதுவும் புரியவில்லை. புற்றுநோயா என்று அழுத பெரியவரிடம் காகிதக் கைக்குட்டையை நீட்டினேன். அதற்கும் மதிப்பெண் உண்டு.

எட்டாவது அறையில் ஆளே இல்லை. மேசைமேல் ஒரு தொலைபேசி. பொத்தானை அழுத்தியதும், அம்மாவாக நடிக்கும் ஒரு பெண் எடுத்தாள்.

"டாக்டர், என் பொண்ணுக்கு மூணு வயசு. காலைல இருந்து வாந்தி. என்ன பண்றதுன்னே தெரியல."

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். தண்ணீர் குடிக்கிறாளா, சிறுநீர் போகிறாளா, விளையாடுகிறாளா. உடனே குழந்தையைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு வெளியே வந்து அடிக்க உட்கார்ந்தேன். முடித்து நிமிர்ந்தபோது ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. எழுதியதை அப்போதுதான் படித்தேன்.

உடல் பரிசோதனைக் கட்டம் நிறைந்திருந்தது. குழந்தை விழிப்பாக இருக்கிறாள். நுரையீரல் சுத்தம். வயிறு மென்மை. அடப்பாவி! போனில் கேட்ட குழந்தையின் வயிற்றை எந்தக் கையால் அமுக்கிப் பார்த்தாய்? பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் மோசடி, பரீட்சையே ரத்து. தொலைபேசி நோயாளிக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும்.

சரசரவென்று அழித்துக்கொண்டே வந்தேன். ஒரு வரியில் விரல் நின்றது. "இடது முழங்காலில் ஆறிவரும் சிராய்ப்பு."

அந்தப் பெண் முழங்காலைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியது இஹ்ஸான், போன வாரம். ருவா படிக்கட்டில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள், பயப்படாதீங்க என்றாள். நானும் பயப்படவில்லை.

அதை அழிக்க மனசு வரவில்லை. அவமானமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது. காலையிலிருந்து எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். இத்தனை ஆயிரம் பேருக்குக் குறிப்பு எழுதியவன் என் மகளுக்கு எழுதியது அந்த ஒரு வரி. அதை வைத்துக்கொண்டால் அவள் வர முடியாது. கடைசி நொடிகளில் அழித்தேன். திரை பூட்டிக்கொண்டது. மீதி நான்கு அறைகளிலும் புரியுது என்றே சொன்னேன்.

வெளியே வந்ததும் இஹ்ஸானைக் கூப்பிட்டேன்.

"எப்படிப் போச்சு, அபூ ருவா?" ருவாவின் அப்பா என்றுதான் என்னை அழைப்பாள்.

"முடிஞ்சுது. புள்ள என்ன பண்றா?"

"தூங்கிட்டா. புண்ணு ஆறுது, ஆனா பொருக்கைப் பிச்சுப் பிச்சுப் போடுறா. உங்க பிடிவாதம் அப்படியே."

"இடது கால்தானே?"

"வலது. எந்தக் கால்னு நீங்க கேக்கவே இல்லையே."