தம்பியின் சிறுநீர்ப்பை

என் தம்பி ஸக்லூலின் சிறுநீர்ப்பையை வெட்டி எடுத்தது ஒரு வியாழக்கிழமை. வாய்க்கால் தண்ணீரிலேயே நின்று நெல் நட்டவர்களுக்கு அந்தத் தண்ணீர்ப் புழுவால் எங்கள் பக்கத்தில் வருகிற புற்றுதான் அவனுக்கும் வந்திருந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, படுத்தபடியே என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணே, அத எடுத்துட்டு வர்றப்ப கசாப்புக்கடை ஷெஹாத்தா பக்கம் போயிடாத. எடை போட்டு வித்துடுவான்.”

“வாய மூடு. நர்ஸுப் பொண்ணு நிக்குது.”

“நிக்கட்டுமே. இனிமே மறைக்க என்ன இருக்கு?”

மதியத்துக்குப் பிறகு டாக்டர் வக்தி ஓர் ஐஸ் பெட்டியோடு வெளியே வந்தார். உள்ளே ஒரு ஜாடியில் கட்டியோடு சேர்ந்த சதைத் துண்டு. பக்கத்தில் ஒரு சின்னப் புட்டி, அதில் அறுப்பதற்கு முன் பிடித்த சிறுநீர்.

“ஹாஜி, மன்ஸூரா டவுன் லேப்ப இன்னைக்கு மூடிட்டாங்க. நாளைக்கு வெள்ளி, லீவு. சனிக்கிழமை காலையில நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. அதுவரைக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும்.”

“ஃபார்மலின் வாடையே இல்லையே, டாக்டர்?”

“அது ஊத்தினா இவங்க சோதிக்கிற டி.என்.ஏ. பாழாயிடும். இந்தச் சதைக்குக் குளிர்தான் காவல். புட்டியில உதிர்ந்த செல் இருக்கு, கெடாம இருக்க மருந்து கலந்திருக்கேன். ஒண்ணு ஏமாத்தினா இன்னொண்ணு கைகொடுக்கும்.” குரலைத் தாழ்த்தினார். “வெளியவும் கொஞ்சம் பரவியிருக்கு. அந்த டி.என்.ஏ.ல ஒரு மாற்றம் தெரிஞ்சா ஒரு புது மருந்து குடுப்பாங்க. தெரியும்னுதான் நெனைக்கிறேன். இது ரெண்டும் போச்சுன்னா மறுபடி எடுக்க அவர்கிட்ட பையே இல்ல.”

பெட்டியைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் மனைவி இன்ஷிராஹிடம் கொடுத்தேன். தம்பி மனைவியிடம் அந்த உறுப்பின் பெயரைச் சொல்லி நின்று பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. “ஸக்லூலோடது. சனிக்கிழமை வரைக்கும் குளிர்ல இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அதில் தவறு இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வந்து பெட்டியைக் கேட்டேன். அவள் தன் அறையிலிருந்து வெள்ளைத் துணிப் பொட்டலம் ஒன்றை இரு கையிலும் ஏந்தி வந்தாள். கற்பூரம் மணத்தது.

“பாலாடைக்கட்டிக்கும் முலூக்கியாக் கீரைக்கும் நடுவுல அவரு சதைய வெக்க மனசு வரல, அபூ ரிஸ்க்.” என் மூத்தவன் பெயரைச் சேர்த்துத்தான் அவள் என்னைக் கூப்பிடுவாள். “மண்ணுக்குப் போறதாச்சே. நேத்துக் காலையிலயே இலந்தை இலை போட்ட வெந்நீர்ல கழுவிச் சுத்திட்டேன். குழி வெட்டச் சொல்லுங்க.”

“கூட ஒரு புட்டி இருந்துச்சே?”

“மூத்திரமா? அந்த அசுத்தத்தப் பக்கத்துல வெச்சுக்கிட்டா இதக் கழுவ முடியும்? கொட்டிட்டேன்.”

எங்கள் ஊரில் கால் விரலை வெட்டி எடுத்தாலும் கழுவிச் சுற்றிப் புதைப்பதுதான் முறை. அவள் முறை தவறவில்லை. பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தேன், அறைச் சூட்டில் வெதுவெதுத்துச் சோற்று மூட்டை போலிருந்தது. அதை எதற்காகக் குளிரில் வைக்கச் சொன்னேன் என்று அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லேபுக்கு அவளும் வந்தாள். கையுறை போட்ட பெண் துணியைப் பிரித்து, மூக்கைத் திருப்பிக்கொண்டாள்.

“இதக் கழுவினது யாரு?”

எனக்குப் பின்னால் இன்ஷிராஹ் கறுப்புத் துணியை முகத்துக்கு இழுத்துக்கொள்வது தெரிந்தது. எங்கள் வீட்டுப் பெண் அந்நிய வாசலில் தலைகுனிந்து நிற்பதை நான் பார்த்ததில்லை.

“நான்தான்.”

“படிச்சவர் மாதிரி இருக்கீங்களே, ஹாஜி.”

“நான்தான்னு சொன்னேன்ல.”

இன்று அவளும் உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓர் ஓரத்தை வெட்டிச் சோதித்தார்கள். ஒன்றும் தேறவில்லை, மருந்தும் இல்லையென்று ஆயிற்று. ஸக்லூலிடம் டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்று அவன் என்னைக் கட்டிலருகே வரச் சொன்னான். இன்ஷிராஹ் கால்மாட்டில் நின்றாள்.

“நெசமாண்ணே? நீயா கழுவின?”

அவள் வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

“ஆமா. உன் சதை அழுக்கா அந்நியன் கைக்குப் போறதா?”

சிரித்தான். “ஊரு கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சாப் போதும் உனக்கு. நான் சாகறதுன்னாக்கூட இஸ்திரி போட்டுத்தான் சாகணும்.”

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.

முற்றத்தில் இன்ஷிராஹ் என்னை மறித்தாள். “நான் சொல்லிடறேன், அபூ ரிஸ்க். என்னால தாங்க முடியல.”

“சொல்லி உன் பாரத்த எறக்கிடுவ. அவனப் பொரட்டிப் போடறது யாரு? வயித்துல ஒட்டியிருக்கிற மூத்திரப் பைய மாத்தறது யாரு? வேற யாரு கையையும் அவன் தொட விடமாட்டான். உன் கைய அவன் தட்டிவிட்டா அவனுக்கு என்ன மிச்சம்? என் கையத் தட்டிவிடட்டும், போ.”

பருத்தி பறிக்கிற வரைக்கும் இருந்தான். தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து போவேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். அவள் பால்சோற்றைக் கரண்டியில் எடுத்து, அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்க் குனிவாள். அவளுக்கு வாயைத் திறப்பான். அவன் விழுங்குகிற சத்தம் கேட்கிறவரை வாசலிலேயே நிற்பேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன்.