ஒன்றரைக் குதிரை

ஜீப்பின் பின்பக்கம் விரித்திருந்த சாக்கின்மேல் இரண்டு மெஷின் ரம்பங்கள் கிடந்தன. இரண்டும் ஆரஞ்சு நிறம். ஒரே கம்பெனி, ஒரே கைப்பிடி, ஒரே மூடி. மூடியில் இருந்த எண் மட்டும் வேறு.

மதராஸ் கடையிலிருந்து வந்திருந்த சுப்பிரமணி விளக்கினார். "சின்னது மூணரை குதிரை சக்தி. பெருசு அஞ்சு. ஒண்ணரைக் குதிரைதான் வித்தியாசம். ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. புடிச்சதை வெச்சுக்குங்க, இன்னொண்ணை நான் எடுத்துட்டுப் போறேன்."

காண்ட்ராக்டர் ஆதிநாராயணன் அருணகிரியைப் பார்த்தார். புதூர்நாட்டுச் சாலையை அகலப்படுத்த நூற்று நாற்பது மரங்களுக்கு வெள்ளைப் பெயின்டில் எண் போட்டிருந்தார்கள். அவற்றைச் சாய்த்து எடுக்கும் ஏலம் அவருடையது. பழைய ரம்பம் போன வாரம் இன்ஜின் உடைந்து படுத்துவிட்டது. அவரிடம் இருந்த ஆட்களில் மெஷின் ஓட்டத் தெரிந்தவன் அருணகிரி ஒருவன்தான்.

"நீதான ஓட்டப் போற. எது கைக்கு வருதுன்னு நீயே சொல்லு" என்றார்.

அருணகிரி சின்னதை எடுத்து ஒரு நாவல் மரத்தில் வைத்தான். கயிற்றை ஓர் இழுப்பு இழுத்ததும் பிடித்துக்கொண்டது. சொன்ன பேச்சைக் கேட்டது. தோளுக்கு மேல் தூக்கிக் கிளையை அறுத்தபோதும் கை கடுக்கவில்லை. அடுத்து பெரிதை எடுத்தான். அது மரத்தை அறுக்கவில்லை, தின்றது. ஆனால் சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் நுனி மரத்தில் பட்ட மாத்திரத்தில் முகத்துக்கு நேரே எகிறியது. நிறுத்திய பிறகும் விரல்களுக்குள் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

எது சரியென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நூற்று நாற்பதில் பெருத்த புளிய மரங்கள் ஒரு டஜன் தேறினால் அதிகம். மற்றதெல்லாம் சின்னதுக்கே அடங்கும். முதலாளிக்கும் அதில்தான் மனம்.

"சின்னது போதும்ல? பெட்ரோலும் கம்மியா குடிக்குது."

அருணகிரி பெரிய ரம்பத்தைச் சாக்கின்மேல் இறக்கிவைத்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி செந்தாமரையின் வயிற்றில் கட்டி எடுத்து அன்றோடு ஐந்து நாள். துணைக்குத் தன் அக்கா மங்கம்மாளை வைத்துவிட்டு வந்திருந்தான். மலையிறங்கி, திருப்பத்தூரில் பஸ் பிடித்து வேலூர் போய்ச் சேர ஒரு பகல் ஆகும். நடுவில் போய்வந்தால் இரண்டு நாள் போகும், லாரிகள் சும்மா நிற்கும். "வேலையை முடிச்சுட்டுப் போ. ஒரு மாசம் வேணும்னாலும் பக்கத்துல இரு, நான் கேக்கமாட்டேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். சின்ன ரம்பம் என்றால் பதினைந்து நாள். பெரிதென்றால் எட்டு.

"பெருசே இருக்கட்டும் மொதலாளி" என்றான். "சின்னது புளிய மரத்துல திணறும்."

"நெசமாவா?"

"ஆமாங்க. இதுன்னா எட்டு நாள்ல முடிச்சுக் குடுத்துடுவேன்."

அன்று மாலையே வேலூருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டான். எட்டு நாளில் வந்துவிடுவேன், வந்தால் வீட்டுக்கு அழைத்துப் போகும்வரை அங்கேயே இருப்பேன் என்று எழுதினான்.

வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தால் இருட்டும்வரை நிறுத்த மாட்டான். இப்படி ஒரு வேகத்தை அந்த மலை பார்த்ததில்லை. மரங்கள் வரிசையாகச் சாய, கிளை கழிக்கிறவர்கள் பின்தங்கிப்போய்க் கத்தினார்கள். நான்காம் நாள் காலையில் அவன் விரல்கள் வெளுத்து மரத்துப் போயிருந்தன. கஞ்சிச் சொம்பைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துக் குடித்தான். அன்று மத்தியானம் அக்காவிடமிருந்து கார்டு வந்தது. யாரையோ கெஞ்சி எழுதச் சொல்லியிருந்தாள். செந்தாமரை எழுந்து உட்கார்ந்துவிட்டாள், இட்லி தின்றாள், உன் கார்டை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள் என்று இருந்தது. அருணகிரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் தேவைப்படவில்லை. ஏழாம் நாள் சாயங்காலமே நூற்று நாற்பதாவது மரம் விழுந்தது.

ஆதிநாராயணன் மிக்சர் பொட்டலத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினார். சாலையை மேலும் கீழும் பார்த்தார். வாயெல்லாம் சிரிப்பு.

"மாசக் கணக்குல இழுக்குற வேலைடா இது. ஏழு நாள்ல முடிச்சுட்ட! எஞ்சினீயர் அசந்துட்டாரு. அடுத்த வளைவு வரைக்கும் இன்னும் அறுபது மரம், அதையும் நம்மகிட்டயே குடுத்துட்டாரு."

அருணகிரி அவர் முகத்தையே பார்த்தான். "நான் நாளைக்கு வேலூர் கெளம்புறேன்னு..."

"போப்பா, வேணான்னா சொன்னேன்? இந்த மெஷினை வெச்சிக்கிணு அறுபது மரம் உனக்கு ஒரு பொருட்டா? நாலு நாள். காலையில லாரி வேற வருது. உன்னை வுட்டா எவன் இதைத் தொடுவான்?" பிறகு தணிந்த குரலில் கேட்டார். "அந்தப் பொண்ணு இப்ப எப்படிக் கீது?"

"இட்லி தின்னுச்சாம்."

"அப்புறம் இன்னா?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் முதலாளி முகம் சுருங்கியிருக்கும், அவ்வளவுதான், அடித்திருப்பாரா என்ன? ஆனால் அவர் எதிரில் அந்த வார்த்தை அவன் வாயில் வந்ததே இல்லை. மங்கம்மாளின் கார்டும் பையில் இருந்தது. தலையை ஆட்டினான்.

புது வேலை தொடங்கி மூன்றாம் நாள், பதினோரு மணி இருக்கும். சாலையோரத்துப் பெரிய புளிய மரத்தில் பாதிக்கு மேல் ரம்பம் இறங்கியிருந்தது. இரைச்சலுக்குள் எதுவும் கேட்கவில்லை. ஏதோ தோன்றி நிமிர்ந்தபோது, ஜீப் டிரைவர் கோவிந்தன் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். எப்போதும் தலையில் கட்டியிருக்கும் துண்டு அவன் கையில் இருந்தது. கூப்பிடவில்லை, கை காட்டவில்லை. சும்மா நின்றான்.

அருணகிரிக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினை நிறுத்தவில்லை. பாதி அறுத்த மரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. காற்றடித்தால் சாலையில் போகிறவர்கள் தலையில் விழும். அவன் குனிந்து மிச்சத்தை அறுத்தான். கண்ணில் நீர் மறைத்தது. துடைக்கக் கையை எடுக்க வழியில்லை. ஐந்து குதிரை சக்தி. இரண்டு நிமிடத்தில் மரம் முறிந்து விழுந்துவிட்டது. அறுக்க ஒன்றுமில்லாமல் ரம்பத்தைப் பிடித்தபடி நின்றான். கோவிந்தன்தான் வந்து இன்ஜினை அணைத்தான்.

"திருப்பத்தூர் மர டிப்போவுக்கு போன் வந்துச்சு அண்ணே" என்றான். "வெடிகாலையில..."

மறுநாள் ஜீப்பிலேயே அவளைக் கொண்டுவந்து, ஊருக்கு மேற்கே அடக்கம் செய்தார்கள். ஆதிநாராயணன் வந்து ஒரு பிடி மண் போட்டார். அருணகிரியின் தோளில் கைவைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எல்லோரும் போனபின் வீட்டுத் திண்ணையில் மங்கம்மாள் அவனருகே வந்து உட்கார்ந்தாள்.

"எட்டாம் நாளு காலையில தலையை வாரி வுடச் சொல்லிச்சு. 'இன்னிக்கு அது வர்ற நாளு அக்கா'ன்னுச்சு. அன்னிக்கு நல்லாதான் இருந்துச்சுடா. பொழுது போறவரைக்கும் வாசப் பக்கமே பாத்துக்கிணு இருந்துச்சு. மறுநாள்தான் காய்ச்சல் கண்டுச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் காண்ட்ராக்டரு உன்னை வுடமாட்டேன்னுட்டானா?"

ஆமாம் என்று சொன்னால் அவள் அவரைத் திட்டித் தீர்ப்பாள், கொஞ்சம் ஆறிப்போவாள்.

"இல்லக்கா" என்றான். "நாலே நாள்தானேன்னு நான்தான் இருந்துட்டேன்."

மங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு எழுந்து வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.