தப்பித்த அறைக்குள் மறுபடியும்

ஒரகடத்தின் தொழில் வரலாற்றை எழுத உட்காரும் எவரும் 2015ஆம் ஆண்டு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைத் தாண்டிப் போய்விட முடியாது. கார்களுக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்யும் ஒரு தொழிற்சாலையில், தொழிலாளர்களை ஓர் அறைக்குள் அனுப்பி, அவர்களாகவே வெளியே வரச் செய்யும் மகத்தான திட்டம் அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஐந்து திரிகளில் மூன்று பிடித்தன. மனிதவள மேலாளர் சண்முகசுந்தரம் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

சண்முகசுந்தரம் அதற்கு முந்தைய மாதம் சென்னைக்கு ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார். அங்கே அப்போது புதிதாக முளைத்திருந்த ‘எஸ்கேப் ரூம்’ ஒன்றில் அவரையும் வேறு சில கம்பெனி மேலாளர்களையும் அடைத்தார்கள். புதிர்களை விடுவித்து, பூட்டுகளைத் திறந்து, ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வரவில்லை. கடைசியில் அங்கே வேலை பார்க்கும் பெண் வந்து கதவைத் திறந்துவிட்டாள். தலைமைப் பண்பைப் பற்றிய தம் பார்வையையே அந்த அனுபவம் மாற்றிவிட்டதாகத் திரும்பி வந்ததும் சொன்னார்.

கேன்டீனை ஒட்டி யூனிஃபார்ம் அடுக்கியிருந்த அறை காலியானது. ஒரு ஏ.சி., ஒரு சோபா, ஒரு பீரோ, சில நம்பர் பூட்டுகள், ஒரு டார்ச் லைட், நிறுவனரின் படம் ஆகியவை உள்ளே போயின. கதை இதுதான்: ஒரு விஞ்ஞானி காணாமல் போய்விட்டார், அவர் பீரோவில் வைத்துவிட்டுப் போன ஃபார்முலாவை எடுத்துக்கொண்டு தப்பிக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது கதவைப் பூட்டுவது சட்டப்படி குற்றம் என்று பாதுகாப்பு அதிகாரி ஒற்றைக்காலில் நின்றதால், கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்: ‘இந்தக் கதவு பூட்டப்பட்டுள்ளதாகக் கருதவும்.’

இதைக் கருதிக்கொள்வதில் யாரையும்விட முனைப்பாக இருந்தவன் நயினார். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரன். மூன்றாம் லைனின் லீடர். லீடர் என்றால் தொழிலாளியின் சம்பளம், சூப்பர்வைசரின் திட்டு. லைனின் சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போய் நான்கு மாதமாகியும் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. நீலத் தொப்பியும் ஸ்டாஃப் பஸ்ஸில் இடமும் அந்த நாற்காலியோடு சேர்ந்தவை. மகன் சூப்பர்வைசர் ‘ஆகப் போறான்’ என்பதை அவன் அம்மா பெண் வீட்டாரிடம் ‘ஆயிட்டான்’ என்றே சொல்லி முடித்திருந்தாள். தொப்பியோடு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லி அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனிமேல் தலைவர்கள் அந்த அறையிலிருந்துதான் வெளியே வருவார்கள் என்று சண்முகசுந்தரம் அறிவித்தபோது, நயினாருக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவனும், லைனில் திருகாணி முடுக்கும் பாண்டிச்செல்வியும், பெட்டி கட்டும் கோதண்டமும் ஓர் அணியாக உள்ளே போனார்கள். நிறுவனரின் படத்துக்குப் பின்னால் சாவி இருந்தது. இடவலம் மாற்றி எழுதிய சீட்டைக் கண்ணாடியில் காட்டிப் படிக்க வேண்டும். அவர்கள் பிழைப்பே கண்ணாடி. கடைசிப் பூட்டின் எண் கம்பெனி தொடங்கிய வருடம். அது எல்லோர் கழுத்திலும் தொங்கும் அடையாள அட்டையில் அச்சடித்திருந்தது. நேரம் மீதமிருக்கவே வெளியே வந்துவிட்டார்கள். வேறு எந்த அணியும் வரவில்லை. மெயின்டனன்ஸ் அணி மட்டும் பூட்டுகளைத் தாழ்ப்பாளோடு கழற்றி எடுத்துக்கொண்டு வந்தது. செல்லாது என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து மூவருக்கும் அழைப்பு வந்தது.

“அதே ரூம்ல மறுபடியும் ஆடணும்” என்றார் சண்முகசுந்தரம்.

“அதான் ஜெயிச்சிட்டோமே சார்” என்றான் நயினார்.

“ஜெயிச்சது உங்க கை. ரெண்டாவது தடவதான் மைண்ட் ஜெயிக்கும். கோயிலுக்கு ஒரு தடவ போய்ட்டு சாமியப் பாத்தாச்சுன்னு விட்டுடறோமா?”

“விஞ்ஞானி கெடச்சிட்டாரா சார்?” என்று கோதண்டம் கேட்டான். அவன் வடக்குப்பட்டுக்காரன், ஒரு விஷயம் பாதியில் நிற்பது அவனுக்குப் பிடிக்காது.

“அது முக்கியமில்ல கோதண்டம்.”

“இன்னா சார், ஒரு ஆளே காணாம பூட்டாரு. முக்கியமில்லன்ற?”

வென்ற அறையில் ஏன் மறுபடி நுழைய வேண்டும் என்பதற்குச் சண்முகசுந்தரம் திரையில் காரணங்கள் போட்டார். சுயபரிசோதனை என்றார், பணிவு என்றார், வெற்றியை மறத்தல் என்றார். கடைசியில் மறுபடியும் சுயபரிசோதனை வந்தது. உண்மைக் காரணம் திரையில் இல்லை. அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் வருகிறார். அவர் பார்க்க ஓர் அணி உள்ளே போய், அது வெளியே வராமல் போனால், சண்முகசுந்தரமே போய்க் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்பவர்களை அவர் சென்னையில் பார்த்திருக்கிறார்.

“சூப்பர்வைசர் போஸ்ட்டையும் அன்னைக்கே டைரக்டர் முடிவு பண்றார்” என்றார் நயினாரிடம் மட்டும்.

மற்ற இருவருக்கும் அவரவர் காரணம் இருந்தது. ஒத்திகைக்கு உள்ளே போனதும் கோதண்டம் ஏ.சி.க்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாண்டிச்செல்வி விஞ்ஞானியின் சோபாவில் சாய்ந்தாள்.

“ஏ பாண்டிச்செல்வி, எந்திரி. பூட்டப் பாரு.”

“காலையில இருந்து லைன்ல நின்னுக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி. கொஞ்சம் இருந்துக்கிடுதேன். பூட்டு எங்க ஓடிறப் போவுது?”

“குந்து நயினாரு” என்றான் கோதண்டம். “ஜில்லுனு கீது. ஒரு மணி நேரம் டைம் குட்த்துக்கிறான், முன்னாடியே ஓடிப் போய் இன்னா பண்ணப் போற? மறுபடியும் பெட்டிதான் கட்டணும்.”

வெளியேறும் ஆசையே இல்லாத இருவரோடு தப்பிக்க வேண்டிய நிலைமை நயினாருக்கு. ஆனால் அவன் லைனில் வளர்ந்தவன். ஒரு கை வீணாக நீள்வதைப் பார்த்தால் அவனுக்குத் தூக்கம் வராது. ஸ்க்ரூ டிரைவர் எட்டத்தில் இருந்தால் பக்கத்தில் நகர்த்து, இரண்டு எட்டு நடந்தால் ஒன்றாக்கு என்றுதான் கம்பெனி அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. டார்ச் லைட்டைப் பீரோ கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். சாவிகளுக்கு வண்ணப் புள்ளி ஒட்டினான். யார் எங்கே நிற்பது என்று தரையில் மஞ்சள் டேப் அடித்தான். சோபா வழியில் இருந்ததால் அதைச் சுவரோரம் தள்ளினான். கோதண்டத்துக்கு நிறுவனரின் படத்தைத் தூக்கும் வேலை. மறுநாள், படத்தை எதற்குத் தூக்க வேண்டும் என்று நயினாருக்குத் தோன்றியது. நிறுவனரைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினான். சாவி பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. கோதண்டம் வேலையிழந்தான்.

சண்முகசுந்தரம் வந்து பார்த்துவிட்டுக் கவலைப்பட்டார். “இவ்ளோ வேகம் வேணாம். யோசிக்கிற மாதிரி நடிங்க.”

சும்மா நின்ற கோதண்டத்துக்கு அந்தப் பொறுப்பு தரப்பட்டது. அவன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, “ஐயையோ விஞ்ஞானி!” என்று கதறினான்.

“அழச் சொல்லல கோதண்டம். யோசிக்கச் சொன்னேன்.”

“யோசிச்சா அழுவத்தான் வருது சார்.”

டைரக்டர் வந்தார். தமிழ் பேசுகிறவர், சாந்தமான மனிதர். அறைக்கு வெளியே திரை வைத்து, உள்ளே இருந்த கேமராவோடு இணைத்திருந்தார்கள். டீயும் சமோசாவும் கொடுத்துவிட்டு, மனித மனத்தின் ஆழத்தைப் பற்றிச் சண்முகசுந்தரம் தொடங்கினார். டைரக்டர் சமோசாவின் முதல் மூலையைக் கடித்தார். இரண்டாவது மூலைக்கு வருவதற்குள் மூவரும் வெளியே நின்றார்கள். கோதண்டம் யோசிக்கவே தொடங்கியிருக்கவில்லை.

“ஏற்கெனவே ஆடினவங்கதானே?” என்றார் டைரக்டர்.

சண்முகசுந்தரத்துக்கு முகம் வெளிறியது.

“அதனால என்ன?” என்று டைரக்டரே தொடர்ந்தார். “தெரிஞ்ச வேலையத்தானே தெனமும் செய்யறோம். யாரு இத இப்படிச் சுருக்கினது?”

நயினார் முன்னால் வந்தான். டேப், கயிறு, புள்ளி, சாய்ந்த நிறுவனர் எல்லாவற்றையும் விளக்கினான். அவன் பேச்சை யாரும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை. குரல் தானாக ஏறியது.

“இதுல கோதண்டத்துக்கு வேலையே கெடையாது சார். எடுத்துட்டேன்.”

“இன்னாபா, பெரிய சார் முன்னாடி என்னை மாட்டி விட்ற?” என்றான் கோதண்டம்.

“அப்ப ரெண்டு பேர் போதும்?” என்றார் டைரக்டர்.

நயினார் அங்கே நிறுத்தியிருக்கலாம்.

“ரெண்டு பேர்கூட வேண்டாம் சார். பாண்டிச்செல்வி ஒத்தையிலயே முடிச்சிருவா. நான் கூட நின்னு அடுத்தது, அடுத்ததுன்னு சொல்லுதேன். அவ்வளவுதான்.”

“நீங்க சொல்லலன்னா?”

“சொல்லாட்டியும் செய்வா சார். அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்.”

பாண்டிச்செல்வி தனியாக உள்ளே அனுப்பப்பட்டாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அவள் பூட்டுகளை வரிசையாகத் திறந்தாள், ஃபார்முலாவை எடுத்தாள், பிறகு சுவரோரம் போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கண்ணை மூடினாள். டைரக்டர் சமோசாவை முடித்து டீயையும் முடித்த பிறகு நிதானமாக வெளியே வந்தாள்.

“ஏன் கடைசியில லேட்டு?”

“வேலை அப்பவே முடிஞ்சிட்டு சார். சும்மா இருந்தேன்.”

டைரக்டர் தலையாட்டினார். “நாலு மாசமா இவங்க லைன்ல சூப்பர்வைசர் இல்லையே, புரொடக்‌ஷன் எப்படி?” என்று சண்முகசுந்தரத்திடம் கேட்டார்.

“ஏறியிருக்கு சார்!” என்றார் அவர் பெருமையோடு. “எல்லாம் நயினாரோட லீடர்ஷிப்தான்.”

டைரக்டர் எழுந்து நயினாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு பையனைத் தம் முப்பது வருட அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். குரூப் போட்டோ எடுத்தார்கள்; நயினாரை நடுவில் நிறுத்தினார்கள். தலைமை என்பது தன்னைத் தேவையற்றவனாக்கிக்கொள்ளும் கலை என்று சண்முகசுந்தரம் நன்றியுரையில் முழங்கினார். கைதட்டல் சொல்லாமலே வந்தது. “பார்ட்டி எப்ப நயினாரு?” என்று கோதண்டம் தோளில் கைபோட்டான். நயினார் கேன்டீனுக்குப் பின்னால் போய் அம்மாவுக்குப் போன் போட்டு, போட்டோ வந்துவிடும் என்று பெண் வீட்டாரிடம் சொல்லச் சொன்னான்.

திங்கட்கிழமை, மூன்றாம் லைனுக்குச் சூப்பர்வைசர் தேவையில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.