டின் மீனுக்கு முள் எடுத்த இரண்டு பேர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரையில் நான் அடித்து நீக்கிய ஒரு வரியிலிருந்து பிறந்த கதை இது.

போன வருஷம் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு, டின்னில் அடைத்து வரும் சால்மன் மீனின் சத்துகளைப் பற்றிச் சின்னதாக எழுதித் தரச் சொன்னார்கள். சித்தூரில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சால்மனைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த மீன் பிச்சாட்டூர் ஏரியிலிருந்து வரும் கட்லாதான். ஆனாலும் எழுதுகிறவன் எதற்காவது 'தெரியாது' என்று சொல்லியிருக்கிறானா? நாலு இடத்தில் படித்தேன். புரதம், ஒமேகா-3, வைட்டமின் டி, கால்சியம் என்று வரிசை கட்டி அனுப்பினேன். ஒரு வரி கூடிவிட்டது, ஏதாவது ஒன்றைக் குறையுங்கள் என்றார்கள். குறைத்தேன்.

எந்த வரி என்று பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மேரியம்மாவின் எலும்புகள் அவருக்கே தெரியாமல்..." (வேண்டாம். எலும்பில் ஆரம்பித்தால் பேய்க்கதை என்று நினைப்பார்கள்.)

"நூறு கிராம் டின் சால்மனில் ஏறக்குறைய இருபது கிராம் புரதம்..." (இதை ஏற்கெனவே எழுதித்தான் மாட்டிக்கொண்டேன்.)

சரி, நேராகவே போகிறேன். பிளெஸ்ஸிக்கு முப்பத்தொரு வயது. திருப்பதிக்கு அந்தப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். காலை ஐந்தேகாலுக்குச் சித்தூரில் கம்பெனி பஸ் ஏறினால், வழியில் புத்தலப்பட்டு வருவதற்குள் தூங்கிவிடுவாள். அப்பா டைட்டஸ், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், இறந்து ஆறு வருஷமாகிறது. வீட்டில் அம்மா மேரி மட்டும்தான்.

போன வருஷம் ஜனவரியில், எங்கள் சர்ச்சில் திருவிருந்து வாங்கிவிட்டு எழுந்த மேரியம்மா படியில் சறுக்கிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் இளைத்துப் போயிருக்கிறது, மறுபடி விழவே கூடாது என்று தெலுங்கில் மூன்று முறை சொன்னார். அடுத்தது இடுப்பாக இருக்கலாமாம்.

இடுப்பு போனால் அம்மாவுக்குப் படுக்கைதான். படுக்கை என்றால் பிளெஸ்ஸி வேலையை விட வேண்டும். அன்றிலிருந்து புத்தலப்பட்டு தாண்டியும் பஸ்ஸில் விழித்துக்கொண்டே போனாள்.

கால்சியம் மாத்திரை மேரியம்மாவின் வயிற்றைக் கட்டிப் பாடாய்ப் படுத்தியது. சாப்பாட்டிலேயே சேர்க்க வழி உண்டா என்று மகள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், என் கட்டுரை வந்து தொலைத்தது. அதைக் கத்தரித்துப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். திருப்பதியில் ஒரு பெரிய கடையில் அந்த டின் கிடைத்தது. வாரம் ஒன்று வாங்கி வந்து, இதை நீ மட்டும்தான் சாப்பிட வேண்டும், எனக்கு ஒரு வாய்கூட வைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினாள்.

மேரியம்மா சத்தியத்தை மீறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

3

மீனென்றால் கழுவ வேண்டும். டின்னில் வந்தால் மட்டும் குளித்துவிட்டா வந்திருக்கும்? மேரியம்மா டின்னைத் திறந்து தண்ணீரை வடித்துக் கொட்டுவார். உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் அலசுவார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரம், ஒரு முள் விடாமல் எடுப்பார். அதன் பிறகுதான் வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் போட்டுப் புட்டாகக் கிளறுவார். வாசனை மூன்று வீடு போகும்.

எடுத்த முள்ளெல்லாம் கொட்டாங்கச்சியில் மதில் சுவருக்குப் போகும். அங்கே ஒரு பூனை காத்திருக்கும்.

(அந்தப் பூனையின் மேல் எனக்கே சந்தேகம். கதைக்கென்று கொண்டுவந்து உட்கார வைத்ததுபோல் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். ஆனால் அது பிளெஸ்ஸி சொன்னது. ஏற்கெனவே ஒன்றை எடுத்துவிட்டுப் பட்டது போதும். பூனை இருக்கட்டும். சித்தூர் ஜில்லாவிலேயே கால்சியம் குறையாத ஜீவன் அது ஒன்றுதான்.)

4

வருஷம் திரும்பியது. இரண்டாவது ஸ்கேனில் எலும்பின் பலம் ஏறவில்லை. கொஞ்சம் இறங்கியும் இருந்தது.*

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பிளெஸ்ஸி என்னைப் பிடித்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து நீட்டினாள். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். மரியாதையாகக் கேட்டாள்.

"அண்ணா, உங்க கட்டுரைய நம்பி ஒரு வருசமா வாங்கிக்கினு வரேன். இதுல கால்சியம் எங்க கீது?"

எவ்வளவு என்று கேட்டிருந்தால் மில்லிகிராமில் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் எங்கே என்றல்லவா கேட்டாள்!

"முள்ளுலம்மா. டின்லயே வெந்து மெத்துனு ஆயிடும். அதோட மென்னு துன்னணும்."

அவள் டின்னைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு அம்மா முள் எடுப்பதைச் சொன்னாள், மூன்று தண்ணீரைச் சொன்னாள், பூனையைச் சொன்னாள். தங்கள் வீட்டுத் தட்டில் முள்ளோடு மீனை அவள் பார்த்ததே இல்லையாம்.

"இத நீங்க எழுதலியே அண்ணா?"

எடமில்லம்மா, கொறைக்கச் சொல்ட்டாங்க என்றேன்.

(பாதிப் பொய். குறைக்கச் சொன்னது அவர்கள். எதை என்று தேர்ந்தெடுத்தது நான். 'புரதம் தசைக்கு நல்லது' என்ற ஊருக்கே தெரிந்த வரியைக் குறைத்திருக்கலாம். ஆனால் ஒரு சத்துக் கட்டுரையில் 'முள்' என்ற சொல் எனக்கு உறுத்தியது. படிக்கிறவர் தொண்டையில் ஒன்றும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எடுத்துப் போட்டேன். மேரியம்மா முள் எடுத்ததெல்லாம் அது தொண்டையில் மாட்டுமோ என்ற பயத்தால். எனக்கு இருந்தது என்ன? நடை நன்றாக இருக்கிறது என்ற பெருமைதான்.)

* டாக்டர்கள் சண்டைக்கு வரும் முன் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு டின் மட்டும் எலும்பைத் தேற்றிவிடாது. மருந்து, வெயில், நடை எல்லாம் வேண்டும். ஆனால் நூறு கிராமுக்கு இருநூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் என்று நான் எழுதிய கணக்கு, முள்ளோடு சாப்பிட்டால்தான். முள் போனால் அதில் பெரும்பகுதி போய்விடும்.

5

இனி வருவதை நான் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் அவள் வீட்டில் இப்படித்தான் நடந்திருக்கும் என்று எழுதுகிறேன்.

பிளெஸ்ஸி வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். உள்ளே நுழைந்தபோது மேரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முறிந்து கூடிய வலது மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. அந்தக் கையால்தான் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

முள்ளில்தான் எல்லாம் இருக்கிறது, அதை எடுக்காதே என்று மகள் சொன்னாள். மேரியம்மா நிமிரவில்லை.

"உனக்கு அஞ்சு வயசுல கெண்ட முள்ளு மாட்டிக்கினு மூச்சே நின்னுப்போச்சுடி. உங்க நைனா தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரி வரிக்கும் ஓடினாரு. அன்னைலருந்து மீன்ல ஒரு முள்ளு வுடறதில்ல நான். இத நான் எப்படித் துன்றது?"

பிளெஸ்ஸி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருஷம் வீணாய்ப் போனதே என்று அழுகைதான் வந்தது. அம்மா மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. குனிந்து, கொட்டாங்கச்சியிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தன் வாயில் போட்டாள்.

மேரியம்மா பதறிப்போய் எழுந்தார். குண்டானிலிருந்து வெறுஞ்சோற்றை அள்ளி உருட்டிக்கொண்டார். முள் மாட்டினால் மெல்லாமல் விழுங்கக் கொடுக்கிற உருண்டை. இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கைக்கு அளவு மறக்கவில்லை.

பிளெஸ்ஸி மென்றாள். வேகவைத்த வேர்க்கடலை மாதிரி நசுங்கியது. விழுங்கிவிட்டு, சின்னப் பிள்ளைபோல் வாயைத் திறந்து காட்டினாள். பிறகு இன்னொரு முள்ளை எடுத்து அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவல, பாரு. நீயும் துன்னுமா."

6

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் மேரியம்மா சாப்பிடுகிறார், அடுத்த ஸ்கேனில் எல்லாம் ஏறிவிடுகிறது, எனக்கு அவர்கள் வீட்டிலிருந்து மீன் புட்டு வருகிறது. படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாவதில், குளியலறையில்... (இதை எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தைப் பார்க்க வேண்டியவன் நான்.) மூன்றாவதில் பிளெஸ்ஸி பிரிட்ஜ் கதவிலிருந்து என் கட்டுரையைக் கிழிக்கிறாள். அது நியாயமான முடிவு. அதனால்தான் எழுதத் தைரியம் வரவில்லை.

அவள் இன்னும் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. பாதிப் பொய்யின் மீதியை நேரில் சொல்ல வாய் வராமல்தான் இந்தக் கதையை எழுதினேன். பிளெஸ்ஸி, படித்தால் மன்னித்துவிடு. நான் அடித்த வரி இதுதான்:

"முள்ளை எடுக்காதீர்கள், டின்னிலேயே வெந்து மெத்தென்று இருக்கும், கால்சியம் அதில்தான் இருக்கிறது, மீனோடு சேர்த்து மென்று சாப்பிடுங்கள்."

அங்கே மகள் கையில் முள் இருக்கிறது. அம்மா கையில் சோற்று உருண்டை இருக்கிறது. மேரியம்மா வாயைத் திறக்கிறாரா இல்லையா என்பதை, வாசிக்கிறவரே, நீங்கள் எழுதுங்கள். மேலே இருக்கும் அந்த வரியையும் சேர்த்தே எழுதுங்கள். இடம் போதவில்லை, ஏதாவது குறையுங்கள் என்று யாராவது சொன்னால், என் பெயரை அடித்துவிடுங்கள்.