மாவு பிசைந்த கை

ரொட்டியம்மாவுக்கு மருமகள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள், "மருமகளா? என் வயித்துல பொறக்காத மக!" என்று அவள் சொல்லிச் சொல்லிச் சபையில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. ஞாயிறு ஆராதனையில் சபையார் எல்லோருக்கும் கொடுக்கும் திருவிருந்து அப்பத்தைச் சுடுவது வருடக்கணக்காக அவள்தான். அந்த மாவில் இன்னொருத்தி விரல் வைக்க விட்டதே கிடையாது. இந்தச் சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்த மருமகளைக் கூப்பிட்டு, "இந்தா, இன்னிக்கு நீ பிசை" என்று பாத்திரத்தைத் தள்ளினாள். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

மருமகள் மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, புருஷனோடு கடைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். சபையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்; காலையில் காதில் விழுந்தது மதியத்துக்குள் ஊர் முழுக்க ஒலிபரப்பாகிவிடும்.

"அக்கா, உங்க மருமகளுக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை?"

"நர்சுங்களுக்கு ஒத்தாசையா இருக்கா."

"நல்லாச் சொன்னீங்க போங்க! பொணம் கழுவுறா அக்கா. எங்க நாத்தனாரோட மாமனார் செத்தப்ப பிணவறையில என் கண்ணால பாத்தேன்."

ரேடியோ எப்போது எழுந்து போனாள் என்றுகூட ரொட்டியம்மாவுக்குத் தெரியாது. மூடிவைத்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் எந்தப் பிணத்தைத் தொட்ட கையோ! அதுவும் கர்த்தருடைய பந்திக்குப் போகிற மாவு. விறுவிறுவென்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

நிமிர்ந்தால் வாசலில் மகனும் மருமகளும்.

"அம்மா! என்னம்மா பண்ற?"

"நீ பேசாதடா! எங்கிட்டயே மறைச்சுட்டீங்கல்ல ரெண்டு பேரும்? பொணத்தத் தொட்ட கையால..."

மருமகள் அழவில்லை. குப்பையில் கிடந்த மாவைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். "விடுங்க, வேண்டாம்" என்று புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கேட்டால்தானே?

"அப்பாவக் குளிப்பாட்டினது யாருன்னு அவகிட்ட கேளும்மா!"

ரொட்டியம்மா காலிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

அவள் புருஷன் கொத்தனார். இரண்டு வருடத்துக்கு முன்னால், கட்டிக்கொண்டிருந்த சுவர் அவர் மேலேயே சரிந்துவிட்டது. "முகத்த மட்டும் பாத்துடாதம்மா" என்று ஆஸ்பத்திரியில் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆனால் பெட்டியில் வந்தவரோ வேலை முடிந்து வந்து அசந்து தூங்குகிறவர் மாதிரி இருந்தார். ஒரு பொட்டு சிமெண்டு இல்லை. மீசைகூட முறுக்கியிருந்தது. அடுத்த ஞாயிறு சபை நடுவில் எழுந்து நின்று அவள் கதறினாள்: "என் புருஷன அப்படி அனுப்பி வச்ச கை யாரோடதோ, கண்ணுல பட்டா அந்தக் கைக்கு முத்தம் குடுப்பேன்!"

"நன்றி சொல்லிட்டு வரலாம்னுதான் அந்தக் கையத் தேடிப் போனேன்" என்றான் மகன். "போன எடத்துல பிடிச்சுப்போச்சு. உண்மையச் சொன்னா நீ எப்படி எடுத்துக்குவியோன்னு பயமா இருந்துச்சு. பயந்த மாதிரியே பண்ணிட்ட."

ரொட்டியம்மா மருமகளைப் பார்த்தாள். "மீசைய முறுக்குவார்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

"சட்டைப் பையில அடையாள அட்டை இருந்துச்சு அத்தை. போட்டோவுல முறுக்கியிருந்தார். காதுக்குள்ளெல்லாம் சிமெண்டு. பஞ்ச நனைச்சு நனைச்சு எடுத்தேன். வீட்டுல யாராவது முத்தம் குடுப்பாங்களேன்னு நெனச்சுக்கிட்டே செஞ்சேன்."

ரொட்டியம்மா கொடுத்திருந்தாள். அந்தக் காதோரத்தில்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதிருந்தாள்.

"ஐயோ பாவி நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் அன்பப் பத்திப் பேசிட்டு, வீட்டுல அத அள்ளிக் குப்பையில கொட்டிட்டேனே!" பாய்ந்து மருமகளின் கையைப் பிடித்தாள்.

மருமகள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "வேண்டாம் அத்தை. இன்னிக்கும் அந்த வேலைதான் செஞ்சுட்டு வந்தேன்."

"சோப்பு போட்டுக் கழுவினியா?"

"கழுவினேன்."

"அப்புறம் என்னவாம்?"

இரண்டு கையிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். விரலிடுக்கில் காய்ந்திருந்த மாவு அவள் உதட்டில் ஒட்டியது. பிறகுதான் மருமகள் அழுதாள். அழுது முடித்து, முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டு வந்து புதிதாக மாவு பிசைந்தாள். ரொட்டியம்மா தண்ணீர் மட்டும் ஊற்றினாள்.

மறுநாள் ஆராதனையில் அப்பம் வாங்கும் வரிசையில் அவளுக்கு முன்னால் ரேடியோ நின்றாள். மெல்லத் திரும்பிக் கிசுகிசுத்தாள்.

"அக்கா, இது யாரு பிசைஞ்சது?"

"என் மக."

போதகரிடம் நீண்ட ரேடியோவின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. ரொட்டியம்மா அவள் காதருகே குனிந்தாள்.

"வாங்கிக்கடி. நாளைக்கு உன் மூஞ்சியத் தொடைச்சு அனுப்பவும் அந்தக் கைதான் வரணும்."

ரேடியோ அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.