அரைக் கிண்ணம் டீ

நேர்காணல் ஒத்திகையில் நான்தான் மேலதிகாரி. கையெல்லாம் மாவு. பவுர்சாக் பலகாரத்துக்கு மாவு உருண்டைகளை எண்ணெயில் போட்டபடி கேள்வி கேட்டேன். அக்மரால் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மூணு வருஷமா வீட்ல என்ன பண்ணீங்க?”

“பையனை வளர்த்தேன்.”

“அதைச் சொல்லாதடி. வேலையை மறக்கலன்னு சொல்லு.”

“நிஜமாவே மறக்கலக்கா. குழாயைத் திறந்தாலே இந்தத் தண்ணில சுண்ணாம்பு எவ்வளவு இருக்கும்னுதான் மனசு போகுது.”

அக்மரால் என் கொழுந்தனின் மனைவி. மகன் சஞ்சார் பிறப்பதற்கு முன் எங்கள் தராஸ் நகரத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமை நேர்காணல் என்று தெரிந்ததிலிருந்து அவள் தரையில் நடக்கவில்லை. வேதியியல் புத்தகத்தைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தாள். மாதத்தில் பாதி நாள் எண்ணெய் வயலில் கிடக்கும் அவள் புருஷன், “அம்மா சரின்னா சரி” என்று போனில் சொல்லிவிட்டான். அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான்.

“குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா யார் பார்ப்பா?” என்று கேட்டேன். ஆண்களிடம் யாரும் கேட்காத கேள்வி. இவளிடம் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

“அத்தை பார்த்துக்குவாங்க.”

“அத்தைகிட்டக் கேட்டியா?”

எண்ணெயைப் பார்த்தாள்.

நான் மூத்தவனைக் கட்டியவள். இரண்டு தெரு தள்ளித் தனிக்குடித்தனம். தப்பித்தேன். கடைக்குட்டியைக் கட்டியவள்தான் மாமியாரோடு இருந்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், அதைக் கேள்வி கேட்க யாருக்கும் வாய் கிடையாது.

அடுத்த அறையில் இருந்த மாமியாருக்குப் பாம்புக் காது. வாசலில் வந்து நின்றார்.

“என்னை ஏன் ஒளிச்சு வெச்சுப் பேசறீங்க? நான் என்ன ராட்சசியா? அங்க பெரிய அதிகாரியா இருக்காளே குல்யாஷ், அவ என்கூட ஒரே பெஞ்சுல படிச்சவ. சனிக்கிழமை டீக்குக் கூப்பிடறேன். பேச்சை நான் பார்த்துக்கறேன்.”

அக்மரால் ஓடிப்போய் மாமியாரைக் கட்டிக்கொண்டாள். இந்த அம்மாவை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சனிக்கிழமை அக்மரால் பழைய சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இடுப்புப் பொத்தான் மாட்டவில்லை. ஆனாலும் அழகாக இருந்தாள்.

“இது என்ன கோலம்? கோர்ட்டுக்கா போறே?” என்றார் மாமியார். “பெரியவங்க வர்ற நேரம். போய் முக்காடு கட்டிக்கிட்டு வா.”

கட்டிக்கொண்டு வந்து, டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருமகளுக்கு அதுதான் இடம். எங்கள் ஊரில் டீயைக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. விருந்தாளி குடித்துவிட்டு நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மருமகள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் மரியாதை. நிரம்ப ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மருமகளாக வந்த இத்தனை வருஷத்தில் நான் ஒரு கிண்ணத்தைக்கூட நிரப்பியதில்லை. நிரப்ப ஆசைப்பட்ட ஆட்கள் மட்டும் ஒரு லாரி தேறும்.

குல்யாஷ் விரல்கொள்ளாத மோதிரங்களோடு வந்தாள். முழங்கால் வலி, யார் பெண்ணை யார் கட்டினான், குதிரைக்கறி விற்கிற விலை, எல்லாம் பேசினாள். அக்மராலிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இவளோ ஒவ்வொரு முறை கிண்ணத்தை நீட்டும்போதும், இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன கை இது!” என்றாள் குல்யாஷ் கடைசியில். “யாருக்குப் பால் ஜாஸ்தி, யாருக்குக் கம்மின்னு கேட்காமலே தெரியுதே. என் மருமக போடற டீ கழுநீர் மாதிரி இருக்கும். ஆனா அவளும் இல்லைன்னா நான் எப்படி ஆபீஸ் போறது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அம்மாள் அதிகாரியாக உட்கார ஒருத்தி வீட்டில் கழுநீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்!

“அதத்தான் நானும் சொல்றேன்,” என்றார் மாமியார். “இவளும் கெளம்பிட்டா இந்த வீட்ல யார் கதவைத் திறப்பா? எனக்கும் ரத்தக் கொதிப்பு. நீயே நியாயத்தைச் சொல்லு குல்யாஷ்.”

பேச்சை நான் பார்த்துக்கறேன் என்றது இதைத்தான். அக்மராலின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

“சின்ன வயசுதானே கண்ணு,” என்றாள் குல்யாஷ், அவளை முதல் முறையாகப் பார்த்து. “இன்னொண்ணு பெத்துக்கோ. வேலை எங்கயும் ஓடிடாது. திங்கக்கிழமை வீணா அலைய வேண்டாம்.”

“மேடம், நைட்ரேட் பரிசோதனை எல்லாம் நான் தனியாவே செய்வேன். வேணும்னா இப்பவே கேளுங்க...”

“அவ கிண்ணம் காலியா இருக்கு பாரு,” என்றார் மாமியார். “ஊத்து.”

அக்மரால் ஊற்றினாள். பாதியைத் தாண்டியது. நிறுத்தவில்லை. விளிம்பு வரை, இன்னொரு சொட்டு விழுந்தால் வழியும் என்கிற வரை ஊற்றினாள். இரண்டு கையாலும் தாங்கி, துளி சிந்தாமல், குல்யாஷின் முன்னால் வைத்தாள்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. குல்யாஷ் கிண்ணத்தைப் பார்த்தாள், தொடவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டாள். “மருமகளை நல்லா வளர்த்திருக்கே,” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாமியார் அக்மராலின் அம்மாவிலிருந்து ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் இழுத்தார்.

“அத்தை, வேலை கிடையாதுன்னு அவங்க சொன்னதுக்கு அப்புறம்தானே ஊத்தினா?” என்றேன்.

“நீ வாயை மூடு. நீதான் இவளுக்கு வாத்தியார்.”

மறுவாரம் அக்கம்பக்கத்துப் பெண்கள் டீக்கு வந்தார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதை சொன்னார்.

“வீடு தேடி ஆளைக் கூட்டிட்டு வந்தேன். வேலை கைக்கு வந்த மாதிரிதான். இவ கிண்ணத்தை நிரப்பி வெச்சுக் கெடுத்துக்கிட்டா. இதுக்கு மேல ஒரு மாமியார் என்ன செய்வா, சொல்லுங்க?”

“ஐயோ பாவம், நீங்க என்ன செய்வீங்க!” என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அக்மராலின் புருஷனும் போனில் அதையேதான் கேட்டானாம், ஏன் கெடுத்துக்கிட்டே என்று.

அக்மரால் சமோவார் பக்கத்தில் முக்காட்டோடு உட்கார்ந்து, உச்சுக் கொட்டியவர்களின் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வாங்கி, பாதிவரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.