தூணைத் தொட்டுக்கொண்டிருந்த தெரு

ஒரே ஒரு கடையாம். கடையில் ஒரே ஒரு வாழைத்தாராம். தாரில் கனிந்த பழத்தின் மேல் ஒரு பழ ஈயாம். அந்த ஈயின் வயிற்றுக்குள்தான் எங்கள் தெரு இருந்தது.

தெருவின் தலைமாட்டில் ஒரு தூண். அதில் நான் சாய்ந்திருந்தேன். தூணைத் தொட்டிருக்கிறவர் எதுவாகவும் ஆவதில்லை. அவ்வப்போது ஒருவரே இரண்டு பேராவார், அவ்வளவுதான். இரண்டானதும், தூணில் முதுகு பட்டவர் அங்கேயே இருந்துகொள்வார். படாதவர் தெருவில் இறங்கி நடப்பார். நடக்க நடக்க, அங்கே எது தேய்ந்திருக்கிறதோ அதுவாகிவிடுவார். எங்கள் தெருவில் எல்லாம் சீக்கிரம் தேயும். சமையல்காரர்கள் தேய்வார்கள். தண்ணீர் இறைப்பவர்கள் தேய்வார்கள். வீட்டுக் கதவுகளும் தேயும். ஆகவே, தேய்ந்த இடத்தை நிரப்ப இறங்கிப் போகிறவர்களுக்காக யாரும் அழுததில்லை.

ஒருநாள் காலையில் நான் இரண்டானேன். மற்றவளுக்குக் குருவம்மா என்று பெயர் வைத்தேன். அவள் இறங்க மறுத்தாள்.

"போனா நான் என்னவா ஆவேன்க்கா?"

"அது தெரியாதுட்டி."

"தெரியாம எப்படிப் போக?"

எனக்குப் பாவமாக இருந்தது. என் முந்தானையை அவள் முந்தானையோடு முடிந்தேன். நான் தூணைத் தொட்டிருக்க, அவள் என்னைத் தொட்டிருக்க, அவளும் தூணைத் தொட்டவள் கணக்குத்தான். பிறகு குருவம்மா இரண்டானாள். அவளும் பாவம் பார்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். இப்படியே முடிச்சு வளர்ந்து தெருக்கோடிவரை போயிற்று. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு, ஒன்றுமாகாமல் நின்றார்கள். கால் வைக்க இடமில்லை.

பலவேசம் மாமா தலைகளின் மேல் ஏறி வந்தார். மிச்சமிருந்த சமையல்காரர் அவர் ஒருவர்தான். தேய்ந்து தேய்ந்து கரண்டி உயரத்துக்கு வந்திருந்தார்.

"கூட்டத்தப் பாத்தா கல்யாண வீடு மாதிரிதான் இருக்கு தாயி. சோறுதான் இல்ல," என்றார். "உலை வைக்க ஆளில்ல. ஈ பட்டினி கிடக்கு. றெக்கையத் தூக்க முடியல அதால. கடைக்காரரு துண்டை உதற ஆரம்பிச்சிட்டாரு."

துண்டு விழுந்தால் ஈ இல்லை. ஈ இல்லையென்றால் தெரு இல்லை.

நான் முடிச்சில் கை வைத்தேன். குருவம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோடியிலேர்ந்து அவுத்துட்டு வாக்கா. நான் கடைசியில போறேன்."

தெருக்கோடியிலிருந்து முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து வந்தன. அவிழ்ந்தவர்கள் நடந்தார்கள், நடந்தவர்கள் அடுப்பூதினார்கள். சோறு வெந்த வாசம் வந்தபோது தெரு ஒருபக்கம் சாய்ந்து மேலே எழும்பியது. துண்டின் காற்று எங்களுக்குக் கீழே கடந்து போயிற்று.

குருவம்மாவின் முடிச்சு மட்டும் இருந்தது.

"நீ ஒருத்தி இருந்தா என்னட்டி ஆயிரும்? இருந்துட்டுப் போ," என்றேன்.

"இருந்தா நாளைக்கும் முடிச்சுப் போடுவேன்க்கா. எனக்கு மனசு கேக்காது."

"பிடிக்கலன்னா வந்திரு. தூண் இங்கதான் இருக்கும்."

"அப்போ கொஞ்சம் தள்ளி உக்காரணும் நீ," என்று சொல்லி, முடிச்சைத் தானே அவிழ்த்தாள்.

அவள் நடக்க நடக்கத் தோள் அகலமாயிற்று. கொலுசுச் சத்தம் நின்று கீல் சத்தம் கேட்டது. தெருக்கோடிக்குப் பக்கத்தில் போனபோது நல்ல தேக்குக் கதவாகியிருந்தாள். ஒருமுறை லேசாகத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு சாத்திக்கொண்டு நடந்து போனாள்.